சித்தி கட்டிய கடல்

ஒரு கை இல்லாத ஷோகேஸ் பொம்மை மாநகரப் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தி. நகரிலிருந்து மந்தைவெளி போகிற சாயங்காலப் பஸ். பொம்மைக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. இடது கை தோளோடு முடிந்திருந்தது. மூக்கு நுனியில் பெயிண்ட் உதிர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. துணி இல்லாமல் ரோட்டில் தூக்கிப் போவது அசிங்கம் என்று சித்தி தன் துப்பட்டாவை அதற்குச் சுற்றி ஊக்குப் போட்டு, கீழே விழாமலிருக்கத் தோளில் கை போட்டு அணைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் வந்தார். பொம்மையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். "இதுக்கு இன்னாம்மா, டிக்கெட்டா, லக்கேஜா?" என்றார். சித்தி சிரிக்கவே இல்லை. "பாதி ஒடம்புதான கீது. அரை டிக்கெட்டு குடுண்ணா" என்றாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு, டிக்கெட் எதையும் கிழிக்காமல் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

சித்தி என் அம்மாவுக்கு நேர் இளையவள். அடையாற்றின் கரையில், பின்வாசலைத் திறந்தால் ஆறு தெரிகிற வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு. சித்தப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். சித்தி தி. நகரில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையில் போய் நின்றால் ஷிஃப்ட் முடியும்வரை நிற்க வேண்டும், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பெயரைக் கூப்பிடுவார். மாலையில் நான் போனால் அவள் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்பாள், கணுக்கால் வீங்கியிருக்கும். அப்படிப் படுத்துக்கொண்டேதான் உலகத்தின் மேல் உள்ள தன் அபிப்பிராயங்களையெல்லாம் சொல்லுவாள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ராயப்பேட்டையிலுள்ள எங்கள் வீட்டைவிடச் சித்தியின் வீடு எனக்குப் பிடிக்கும். அங்கே யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள்.

அவளுடைய ஒரே பெண்ணுக்கு, என் தங்கைக்கு, மயிலாப்பூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு என்று சட்டம் ஒதுக்கி வைத்திருக்கும் இடம். ஆர்.டி.ஈ. சீட் என்று சித்தியின் தெருவில் அதைச் சொல்லுவார்கள். குலுக்கலில் பெயர் வந்த அன்று சித்தி கடைக்கு லீவு போட்டாள். ஆனால் பள்ளியில் சேர்த்த பிறகு அவள் ஒருநாளும் யாருக்கும் நன்றிக்கடன் பட்டவள்போல நடந்துகொள்ளவில்லை. பெற்றோர் கூட்டத்தில் முதல் வரிசையில் போய் உட்காருவாள். "பின்னாடி ஒக்காந்தா டீச்சர் பேசறது கேக்காது" என்பாள். சித்தப்பாவுக்கு அது கூச்சமாக இருக்கும். அவர் வாசலிலேயே ஆட்டோவில் உட்கார்ந்திருந்துவிடுவார்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், கூடப் படிக்கும் ஒரு பெண்ணின் பிறந்தநாள் அடையாறில் நடந்தது. வகுப்பு முழுவதையும் கூப்பிட்டிருந்தார்கள். சித்தி கூட்டிப் போனாள். கடலுக்கு அடியில் ஒரு ராஜ்யம் என்பது அந்தக் கொண்டாட்டத்தின் ஏற்பாடு. ஹால் முழுக்க நீல பலூன், தலைக்கு மேல் தொங்கும் ஆமைகள், சுவரளவு பவளப்பாறை, கடல்கன்னி வேஷம் கட்டிய ஒரு பெண். எல்லாவற்றையும் ஒரு கம்பெனி வந்து செய்து கொடுத்திருந்தது. யாரும் அங்கே என் தங்கையை எதுவும் சொல்லவில்லை, குறைவாக நடத்தவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் மிகுந்த சந்தோஷத்துடன் திரும்பி வந்து, தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கடலைப் பற்றிச் சொன்னாள். மறுநாள் பள்ளியில், வகுப்பின் நடுவில் எழுந்து நின்று, "என் பர்த்டேக்கும் எங்க வீட்டுல கடல் வரும், எல்லாரும் வாங்க" என்று அறிவித்துவிட்டாள். ஆறு வயது நிறையப் போகிற குழந்தை. அடையாறு ஹாலுக்குள் கடல் வருமென்றால் தன் வீட்டுக்கு மட்டும் ஏன் வராது என்பது அவள் கணக்கு.

சித்திக்கு இந்த விஷயம் தெரிய வந்ததே வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில்தான். 'உங்கள் மகள் கூப்பிட்டதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள், எந்த ஹால்?' என்று ஒருவர் இங்கிலீஷில் கேட்டிருந்தார். படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் போனை நீட்டினாள். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. அது குரூப்பை நடத்தும் அம்மாவிடமிருந்து. அடையாறில் கடல் வைத்தது அவர்தான். 'எங்கள் அடுக்குமாடியில் கிளப் ஹவுஸ் காலியாக இருக்கிறது, போன தடவை வாங்கிய அலங்காரம்கூடக் கொஞ்சம் மீதி இருக்கிறது, கேக்குக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து போட்டுக்கொள்கிறோம், நீங்கள் குழந்தையை மட்டும் கூட்டி வாருங்கள்' என்று எழுதியிருந்தார். வரிசையாகப் பலரும் இதயம் போட்டார்கள்.

"நல்ல மனசுதான்" என்றார் சித்தப்பா. "ஒத்துக்கயேன். நமக்கும் பேஜார் இல்ல."

சித்தி காலைச் சுவரிலிருந்து இறக்கினாள். "யாரு பொண்ணுக்குய்யா பொறந்தநாளு?"

"நம்ம பொண்ணுக்குத்தான்."

"அப்ப நான் இன்னாத்துக்கு விருந்தாளியா போயி நிக்கணும்?"

"இங்க கூப்ட்டா யாரு வருவாங்க? ஆத்து நாத்தம் கீது. ரோடு கீற லட்சணத்துல வண்டியே வராது."

"வர்றவங்க வரட்டும். வராதவங்க வூட்ல சாப்ட்டு தூங்கட்டும்." என்னைப் பார்த்துத் திரும்பினாள். "போடு கண்ணு. தமிழ்லயே போடு. அவங்களுக்குத் தமிழ் தெரியும்."

அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அன்புக்கு நன்றி. பாப்பா உங்களை எங்கள் வீட்டுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடல் எங்கள் வீட்டில் இருக்கும். எல்லோரும் வரவேண்டும். பிறகு வழி சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி, பொதுக் கழிப்பறைக் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெரு. சித்தப்பா முகத்தைச் சுளித்தார். "கக்கூஸ எல்லாம் இன்னாத்துக்குப் போடற? அத்த எடுத்துடு." "எடுத்துட்டா எப்படி வழி கண்டுபுடிப்பாங்க?" என்றாள் சித்தி. அந்த வரியும் சேர்ந்தே குரூப்புக்குப் போயிற்று. இந்தமுறை யாரும் இதயம் போடவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மூச்சு வாங்குகிறது. அவள் வேலை பார்த்த கடையில் தினமும் குப்பைக்குப் போகிறவை ஏராளம். புடவை மடிப்புக்குள் வைக்கும் அட்டை, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் உறை, உடைந்த ஹேங்கர், ஜரிகை நூல் சுற்றிய கூம்பு. எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பையில் அடைத்துக் கொண்டு வந்தாள். ஷோகேஸ் பொம்மையும் அப்படித்தான் வந்தது. கை உடைந்ததென்று கோடவுனில் போட்டிருந்தார்கள். எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டாராம். "எங்க தெருவுக்கு ஒரு ராணி வேணும் சார்" என்றாளாம். கால் இல்லாதது நல்லதாகப் போயிற்று. கடல்கன்னிக்குக் கால் எதற்கு? மின்னும் துணித் துண்டுகளை ஒட்டுப் போட்டு அதற்கு ஒரு நீண்ட வால் தைத்தோம். இல்லாத கையை மறைக்கச் செயற்கைப் பூமாலை போடலாமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். "சுறா கடிச்சிட்ச்சின்னு சொல்லிக்கலாம். பசங்களுக்குப் புடிக்கும்" என்றாள்.

பிளாஸ்டிக் உறைகளை ஹேங்கரில் கட்டி, நாடா நாடாவாகக் கிழித்துத் தொங்கவிட்டால் ஜெல்லி மீன். எதிர்வீட்டில் மீன் விற்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் அதைப் பார்த்துவிட்டு, "இது சொறிடி. மேல பட்டா அரிக்கும். பொறந்தநாளுக்கு இன்னாத்துக்குடி சொறி?" என்று கேட்டாள். கேட்டவள் மறுநாளே பட்டினப்பாக்கத்திலிருந்து கிழிந்த வலை ஒன்றைச் சுருட்டித் தலையில் வைத்துக் கொண்டு வந்தாள். அந்த வலையைத் தெருவுக்குக் குறுக்கே கூரைக்குக் கூரை கட்டினோம். ஜெல்லி மீன்கள் அதிலிருந்து தொங்கின. காற்று வந்தால் நிஜமாகவே நீந்துவதுபோல அசைந்தன.

சுவர்தான் மிச்சம் இருந்தது. சுவரில் ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. பெருவெள்ளம் வந்த வருஷம் ஆறு அந்தத் தெருவுக்குள் புகுந்து, நின்று, வடிந்தபோது விட்டுப்போன கோடு. சித்தியின் நெஞ்சளவுக்கு இருக்கும். தெருவின் எல்லா வீட்டிலும் அதே மட்டத்தில், அழுக்குப் பழுப்பாக, நேராக ஓடியது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் கொஞ்ச நாளில் மேலே வந்துவிடும். அந்த வெள்ளத்தில் சித்தி இரண்டு வயதுப் பாப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடுவரை நடந்திருக்கிறாள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. கோட்டையும் பார்க்காததுபோலத்தான் இருப்பாள். அந்த வாரம் ஒருநாள் வாசலில் நின்று அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கோடு போட்டு ரெடியா வச்சிட்டுப் போயிருக்கு. கீழ அடிச்சா கடல், மேல வானம்" என்றாள்.

சித்தப்பா அப்போது ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உள்ள வந்த தண்ணி பத்தாதா ஒனக்கு? மறுபடியும் வரைஞ்சு வேற வெக்கணுமா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "அது வந்தப்ப என்னைக் கேக்காம வந்துச்சி" என்றாள் சித்தி. "இது நான் கூப்ட்டு வருது." அவர் திரும்பி ஆட்டோவைத் துடைத்தார். ஆனால் சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலக்கி அவள் முதல் பட்டையை இழுத்தபோது, உயரமான இடத்துக்கு ஸ்டூல் கொண்டு வந்து போட்டவர் அவர்தான். எதிர்வீட்டு அக்கா தன் சுவரையும் கொடுத்தாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. இரண்டு பக்கமும் கோட்டுக்குக் கீழே நீலமாக, அதற்குள் மீன், நண்டு, சங்கு, பாசி. அரைத்த மஞ்சள், காவி, செங்கல் பொடி, கரி. கடைக்குப் போய் வாங்கியது கேக்கும் சுண்ணாம்பும் நீலமும் மட்டும்தான். சிறுபிள்ளைகள் அந்தத் தெருவில் நடந்தபோது கோடு அவர்கள் தலைக்கு மேலே இருந்தது. அவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருந்தார்கள்.

இத்தனைக்கும் அது நகரத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லாத வருஷம். ஏரிகள் வற்றி, குழாயில் காற்று மட்டும் வந்தது. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெருமுனையில் வண்ண வண்ண பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாகக் கிடக்கும். சித்தி அவற்றையும் விடவில்லை. "காலியாத்தான கீது" என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கி, கவிழ்த்து வைத்து, அட்டைக் கண் ஒட்டி, துணிக் கால்கள் கட்டினாள். சிவப்புக் குடம் ஆக்டோபஸ், பச்சைக் குடம் ஆமை. பிறந்தநாள் அன்று மத்தியானம் நாங்கள் எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் வைத்துவிட்டு, தெருவின் முனைக்குப் போய் நின்று பார்த்தோம். கடல்கன்னி தண்ணீர் டிரம்மின் மேல் உட்கார்ந்து, இருக்கும் ஒரு கையை எங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு மணி ஆனது. தெருப் பிள்ளைகள் குளித்து, பவுடர் போட்டு, தீபாவளிச் சட்டையோடு வந்து நின்றார்கள். குளிப்பதற்கு அன்று ஒவ்வொரு வீடும் தண்ணீரை எப்படிச் சேர்த்ததோ தெரியாது. வகுப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. தங்கை அட்டையில் செய்த சிப்பிக் கிரீடத்தோடு தெருமுனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். கொஞ்ச நேரம் பார்க்கலாமே என்று சித்தப்பா சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சித்தி பிள்ளைகளைப் பார்த்தாள். "வரப் போறவங்களுக்காக வந்தவங்கள நிக்க வெக்கக் கூடாது" என்றாள். குரலில் துளி வருத்தம்கூட இல்லை, இருந்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். கையைத் தட்டினாள். விளையாட்டு தொடங்கிற்று. சுறா வந்தால் சுவரில் உள்ள மீனைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விளையாட்டு. சித்தியே சுறா. வாரம் முழுக்கக் கடையில் நின்று வீங்கிய காலோடு அந்தத் தெருவில் அவள் ஓடிய ஓட்டத்தைச் சூப்பர்வைசர் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு சிறுவன் அப்பாவோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். வகுப்பிலிருந்து முதல் ஆள். பிறகு அக்கா தங்கை இருவர், வேலைக்காரப் பெண்ணோடு. தங்கை அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே ஓடினாள். அப்போது சித்தியின் போன் அடித்தது. குரூப்பை நடத்தும் அம்மா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மெயின் ரோட்டிலதான் இருக்கோம். உள்ள கார் வரும்னு தோணலை. கொஞ்சம் குழந்தையை இங்க அனுப்பறீங்களா? கிஃப்ட்டைக் கொடுத்துட்டுக் கிளம்பறோம்."

சித்தி தெருவை ஒருமுறை பார்த்தாள். "கடல் ரோட்டுக்கு வராது மேடம்" என்றாள். "நீங்கதான் எறங்கணும்."

பக்கத்தில் நின்ற சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா என்ன பதில் சொல்லியிருப்பாரோ தெரியாது, ஏனென்றால் அதே நேரத்தில் மெயின் ரோட்டில் லாரியின் ஹாரன் கேட்டது. தண்ணீர் லாரி. சாதாரண நாளில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் எதையும் யோசிக்க மாட்டார்கள், குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அன்றும் யாரும் யோசிக்கவில்லை. "லாரிடா" என்று ஒரு குரல். அவ்வளவுதான். கடலில் இருந்த அத்தனை ஆக்டோபஸும் ஆமையும் இடுப்பில் ஏறின. கண்ணும் காலும் ஆட, துணி வால்கள் பறக்க, தெருவே லாரியைப் பார்த்து ஓடிற்று. முன்னால் சிப்பிக் கிரீடத்தோடு என் தங்கை, அவள் பின்னால் ஸ்கூட்டரில் வந்த சிறுவன், இரண்டு பேரும் ஒரு ஆக்டோபஸை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு.

லாரி அந்தக் காருக்கு நேர் முன்னால் நின்றிருந்தது. பின்னால் ஆட்டோக்கள். கார் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. காருக்குள் இருந்த குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊர்வலமாக வந்த ஆக்டோபஸ்களைப் பார்த்ததும் அது கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டது. அம்மா கூப்பிடக் கூப்பிட ஓடி வந்து, தெருப் பிள்ளை ஒருவனிடம் ஒரு ஆமையை வாங்கி, வரிசையில் நின்றுகொண்டது. லாரிக்காரர் குழாயைப் பிடித்தபடி, "இன்னாம்மா இது, குடத்துக்கெல்லாம் கண்ணு மொளைச்சிகீது?" என்று கேட்டார். "பாப்பாவுக்குப் பொறந்தநாளுண்ணா" என்று வரிசை பதில் சொல்லிற்று. அவர் அன்று எல்லாக் குடத்தையும் வழிய வழிய நிரப்பினார். சிந்திய தண்ணீரில் பிள்ளைகள் குதித்தார்கள். யாரும் திட்டவில்லை. அந்த வருஷத்தில் தண்ணீர் சிந்தி யாரும் திட்டாத நாள் அது ஒன்றுதான்.

மகளைத் தேடிக்கொண்டு அந்த அம்மாவும் தெருவுக்குள் வந்தார். பட்டுப் புடவையின் கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். கழிப்பறையைத் தாண்டும்போது முகத்தில் ஒரு இறுக்கம். தெருவுக்குள் நுழைந்ததும் கை தானாகத் தளர்ந்து கொசுவம் கீழே இறங்கிற்று. மேலே வலையைப் பார்த்தார், டிரம்மின் மேல் கடல்கன்னியைப் பார்த்தார். சித்தி அவருக்கு ஸ்டூலைப் போட்டு, காகிதக் கூம்பில் சுண்டல் கொடுத்தாள். தேங்காய், மாங்காய் போட்ட பட்டாணிச் சுண்டல். கடல் என்றால் சுண்டல் இல்லாமலா என்று அவள் முதல் நாளே முடிவு செய்திருந்தாள். அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே நினைத்திருப்பார்.

"ரொம்ப அழகா இருக்கு. இந்தக் கோடு எவ்வளவு நேரா வரைஞ்சிருக்கீங்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும்."

"நாங்க வரையல மேடம்" என்றாள் சித்தி. "தண்ணி வரைஞ்சது."

அந்த அம்மாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. எழுந்து கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அது அவருக்கும் நெஞ்சளவுக்கு வந்தது. கையைத் தூக்கி அதைத் தொடப் போய், தொடாமல் இறக்கினார். "அப்ப நீங்கள்லாம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பரிதாபத்தை வாங்கிக்கொள்ள அன்று சித்திக்கு நேரமில்லை. "கேக் வெட்டப் போறோம், வாங்க மேடம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். கேக் சின்னது. ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. வகுப்பிலிருந்து வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் ஆமையைத் தூக்கித் தோளெல்லாம் நனைந்த அந்தக் குழந்தை கிளம்ப மறுத்து அழுதது. பக்கத்து வீட்டுச் சட்டை ஒன்றைப் போட்டுத்தான் அனுப்பினோம். மீன்கார அக்கா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சங்கு கொடுத்தாள். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே போனார்கள்.

மறுநாள் அந்த அம்மா குரூப்பில் போட்டோக்களைப் போட்டு, கீழே இங்கிலீஷில் நீளமாக எழுதியிருந்தார். நல்ல வார்த்தைகள்தான். வராதவர்களெல்லாம் வந்து இதயம் போட்டார்கள். சித்தி எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. "அது இன்னாடி, ஹம்பிளு?" என்றாள். எளிமை என்று அர்த்தம் என்றேன். காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டாள். "எளிமையா? ஒரு தெருவையே கடலாக்கிக்கிறேன், எளிமையாம். அவங்க ஹாலுக்குள்ள வச்சாங்க, அது பெருசு. நான் தெரு முழுக்க வச்சேன், அது எளிமை. நல்லா கீதுடி கதை." பிறகு பதில் போடச் சொன்னாள். வந்ததற்கு நன்றி, அடுத்த வருஷம் காடு, எல்லோரும் வரவேண்டும். அவ்வளவுதான் வாசகம்.

அடுத்த வருஷம் கொரோனாவில் ஊரே அடைந்து கிடந்தது, காடு வரவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச காலத்தில் ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். கணக்கெடுக்க வந்தவர் பிரஷ்ஷும் பெயிண்டுமாக வீட்டுக்கு வீடு நம்பர் போட்டுக்கொண்டு வந்தார். சித்தியின் சுவரில் நீலம் மங்கியிருந்தாலும் மீன்கள் அப்படியே இருந்தன. அவர் பிரஷ்ஷைத் தூக்கியபோது சித்தி குறுக்கே கையை நீட்டினாள். "மீனு மேல எழுதாத சார். பக்கத்துல ஜகா கீது பாரு." எப்படியும் இடிக்கப் போகிற சுவர்தானே அம்மா என்றார் அவர். "இடிக்கறன்னிக்கு இடி. இன்னிக்கு மீனு மேல எழுதாத" என்றாள். அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு சாண் தள்ளி எழுதினார். இடிக்கிற அன்று அவள் கடைக்குப் போய்விட்டாள். லீவு போட அவளுக்கு இஷ்டமில்லை.

இப்போது அவர்கள் நகரத்துக்கு வெளியே, ஒரே மாதிரியான உயரக் கட்டடங்களில் ஒன்றில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார்கள். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. சித்தி இரண்டு பஸ் மாறி அதே கடைக்கு வருகிறாள். தங்கை இருட்டு விலகுவதற்கு முன்பே கிளம்பி அதே பள்ளிக்கு வருகிறாள். பக்கத்திலேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிடலாமே என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். "அவ சீட்டு அங்கதான் கீது" என்பதோடு சித்தி அந்தப் பேச்சை முடித்துவிடுவாள். நான் நங்கநல்லூரில் குடியிருக்கிறேன். வேலை, வீடு, மாதத் தவணை என்று என் நாட்கள் போகின்றன. ஆபீஸில் யாராவது நம்மால் என்ன முடியும் என்று கூட்டத்தில் தலையைக் குனிந்துகொள்ளும்போது மட்டும், கடல் ரோட்டுக்கு வராது என்று சித்தி போனில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்குள் கேட்கும். நான் நிமிர்ந்து உட்காருவேன்.

இந்த வருஷம் தங்கைக்குப் பன்னிரண்டு நிறைந்தது. போன ஞாயிற்றுக்கிழமை படியேறிப் போயிருந்தேன். அலங்காரம் எதுவும் இல்லை. வளர்ந்த பெண், அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டாள். சித்தி அடுப்பில் எண்ணெய் வைத்து வடை தட்டிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் நான் தங்கையிடம், அந்தக் கடல் பிறந்தநாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டவுடன் ஏன் கேட்டோம் என்று இருந்தது. தெருமுனைக்கும் வீட்டுக்குமாகக் கிரீடத்தோடு அலைந்த அந்த முகம் நினைவுக்கு வந்துவிட்டது. எத்தனை பேர் வரவில்லை என்பதை அவள் மறந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

"ஞாபகம் இல்லாமலா?" என்றாள் தங்கை. "கிளாஸ் ஃபுல்லா வந்தாங்களே. தெருவுல நிக்க எடமே இல்ல."

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. வடையைக் கரண்டியில் எடுத்து, எண்ணெய் வடியட்டும் என்று பிடித்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பின்ன? வராம?"